ரிசப்ஷன் முடியுற வரைக்கும் கர்ல்ஸ் நிக்கணுமா? முதல்ல முடிய ஆற விடுங்க

போன ஆவணில என் சித்தி பொண்ணுக்கு சென்னைல ரிசப்ஷன். 4 மணிக்கு பார்லர்ல உக்கார வச்சு முடி முழுக்க கர்ல் பண்ணாங்க, பண்ணி முடிச்ச உடனேயே விரல விட்டு உதறி, ஸ்ப்ரே அடிச்சு, கண்ணாடி காட்டினாங்க. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. 7 மணிக்கு மேடை ஏறும்போது நுனி மட்டும் லேசா வளைஞ்சிருக்கு, மத்ததெல்லாம் நேரா தொங்குது. போட்டோ எடுக்க ஆரம்பிக்கும்போதே அவ கண்ணு கலங்கிடுச்சு, "அக்கா என் முடியே சரியில்லையாக்கா"ன்னு கேட்டா. எனக்கு அது ரொம்ப வலிச்சது, ஏன்னா அவ முடி மேல ஒரு தப்பும் இல்ல. அடர்த்தியான நல்ல முடி அது. பண்ண முறைலதான் ஒரே ஒரு இடத்துல அவசரப்பட்டுட்டாங்க, சூடா இருக்கும்போதே கலைச்சு விட்டுட்டாங்க.

நான் வருஷக்கணக்கா வீட்டு விசேஷங்களுக்கும் தோழிங்க கல்யாணத்துக்கும் முடி பண்ணி விட்டுட்டு இருக்கேன். அதுல நான் கத்துக்கிட்ட எல்லாத்தையும் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஆனா விசேஷம் வச்சிருக்கவங்க முழுசா படிச்சிடுங்க.

ஏன் கர்ல் நிக்குது, ஏன் விழுதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. முடிங்கறது கெரட்டின்ங்கற புரதம். அதுக்குள்ள ரெண்டு வகை பிணைப்பு முக்கியம். ஒண்ணு டைசல்ஃபைட் பிணைப்பு, அது ரொம்ப உறுதியானது, உங்க முடி பிறவிலயே நேரா இல்ல சுருட்டையாங்கறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு, கர்லர் சூடெல்லாம் அத அசைக்காது, முடிய நிரந்தரமா சுருட்டையாக்குற பெர்ம் பண்றப்ப போடுற கெமிக்கல்தான் உடைக்கும். இன்னொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பு. இது தண்ணி பட்டாலும் விட்டுடும், சூடு பட்டாலும் விட்டுடும், அப்புறம் காஞ்சோ ஆறியோ வரும்போது முடி எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துல திரும்ப புடிச்சுக்கும். நாம கர்லர் வச்சு விளையாடுறது முழுக்க இந்த ரெண்டாவது பிணைப்போடதான். அதாவது சூடு சுருட்டை குடுக்கல, சூடு பழைய வடிவத்த விடுவிக்குது அவ்ளோதான், புது வடிவம் உக்கார்றது ஆறும்போதுதான். சூட்டோட உதறி விட்டா பிணைப்பெல்லாம் நேரான வடிவத்துல போய் புடிச்சுக்கும், அப்புறம் எத்தனை டப்பா ஸ்ப்ரே அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல.

இதே காரணத்தாலதான் நம்ம ஊர் காத்துல கர்ல் சீக்கிரம் விழுது. பொரிச்ச அப்பளத்த வெளிய வச்சா நமுத்துப் போகுதுல்ல, அதே கதைதான். காத்துல இருக்கற ஈரம் முடிக்குள்ள போகப் போக அந்த ஹைட்ரஜன் பிணைப்பு ஒண்ணொண்ணா விட்டுக்கிட்டே வரும். முடி ஈரத்த எவ்ளோ நல்லா உறிஞ்சும்னா, ஜெனீவால சொசூர்னு ஒரு விஞ்ஞானி மனுஷ முடிய வச்சே ஈரப்பதம் அளக்கற கருவி செஞ்சு, 1783-ல அதப்பத்தி புத்தகமே போட்டார். ஈரம் கூடினா முடி கொஞ்சம் நீளும், காஞ்சா சுருங்கும், சுத்தமா காஞ்சதுக்கும் முழு ஈரக் காத்துக்கும் நடுவுல சுமார் 2 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வரும். நம்ம தலைல இருக்கறதும் அதே முடிதானே. அதனால நம்ம வேலை ரெண்டே ரெண்டுதான், முழுசா ஆற விடுறது, அப்புறம் ஈரத்த உள்ள விடாம பாத்துக்கறது. கீழ சொல்றதெல்லாம் இந்த ரெண்டுக்காகத்தான்.

சரி குளியல்ல இருந்து வருவோம். விசேஷத்துக்கு முந்தின நாள் ராத்திரியோ அன்னைக்கு காலைல சீக்கிரமோ தலைக்கு குளிச்சிடுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா எண்ணெய் வைக்காதீங்க, வச்சிருந்தா ரெண்டு தடவை ஷாம்பு போட்டு சுத்தமா எடுத்துடுங்க. எண்ணெய் நல்லதுதான், நான் எண்ணெய்க்கு எதிரி கிடையாது, ஆனா தேங்காயெண்ணெய் மிச்சம் இருக்கற முடி வழுக்கும், கனமா தொங்கும், கர்ல் நிக்கவே நிக்காது. கண்டிஷனர காது மட்டத்துக்குக் கீழ மட்டும் போடுங்க, அதுவும் கொஞ்சமா, நல்லா அலசுங்க. ஹேர் மாஸ்க், ஸ்பா இதெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க, முந்தின நாள் பண்ணி பட்டு மாதிரி வழவழன்னு ஆக்கிட்டு வந்து கர்ல் நிக்கலன்னு சொன்னா நான் என்ன பண்றது. போர் தண்ணி வர்ற வீடுன்னா இன்னொரு விஷயம் இருக்கு, உப்புத்தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் முடி மேல படிஞ்சு சொரசொரன்னு ஆக்கிடும், வடிவம் நிக்கறதுக்காக முடில தடவுற மூஸ்ங்கற நுரையெல்லாம் சரியா ஒட்டாது. கடைசியா ஒரு ரெண்டு சொம்பு ஃபில்டர் தண்ணிய ஊத்தி அலசிப் பாருங்க, தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது மூஸ். இத நெறய பேர் தேவையில்லன்னு விட்டுடறாங்க. காட்டன் சேலைக்கு கஞ்சி போடாம அயர்ன் பண்ணா எவ்ளோ நேரம் நிக்கும், கஞ்சி போட்டு அயர்ன் பண்ணா எவ்ளோ நேரம் நிக்கும்? முடிக்கு மூஸ்தான் கஞ்சி. துண்டால ஒத்தி எடுத்த ஈர முடில ஒரு எலுமிச்சம்பழம் அளவு மூஸ எடுத்து, நடுவுல இருந்து நுனி வரைக்கும் தடவி, பெரிய பல்லு சீப்பால சீவி விடுங்க, இடுப்பு வரைக்கும் முடி இருந்தா ரெண்டு எலுமிச்சம்பழம் அளவு. வாங்கும்போது பின்னாடி என்னென்ன கலந்திருக்குன்னு பாருங்க, முதல் நாலஞ்சு பேருக்குள்ள கிளிசரின் இருந்தா நம்ம கடலோர ஊருக்கு அது வேண்டாம், கிளிசரின் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், நாமளே ஈரத்துக்கு வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் ஹீட் ப்ரொடெக்டன்ட், அதாவது கர்லர் சூட்டுல இருந்து முடிய காப்பாத்தறது, இத எந்தக் காரணத்துக்காகவும் விடாதீங்க.

முடி முழுசா காயணும். முழுசான்னா முழுசா. வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், பிடரில கை விட்டுப் பாத்தா உள்ள ஜில்லுன்னு இருக்கும், அது ஈரம்தான். ஈர முடில கர்லர் வச்சா சொய்ங்னு சத்தம் வந்து ஆவி வரும் பாருங்க, அப்ப முடிக்குள்ள இருக்கற தண்ணி கொதிச்சு முடித்தண்டுலயே குட்டிக் குட்டி குமிழி உண்டாகுது, அந்த இடத்துல முடி பின்னாடி உடையும். திரும்ப சரி பண்ண முடியாத சேதம் அது. சத்தம் கேட்டா உடனே நிறுத்திட்டு டிரையர் போட்டு காய வச்சுட்டு வாங்க.

கர்ல் பண்ற இடமும் முக்கியம், ஏசி ரூம்ல பண்ணுங்க, ஏசி காத்துல இருக்கற ஈரத்த எடுத்துடும். மண்டபத்துல மணப்பெண் ரூம் பாத்ரூம்ல யாராச்சும் கீசர் போட்டு குளிச்சிட்டு கதவத் திறந்து விட்டா அந்த ஆவி போதும், ஒரு மணி நேர வேலை போச்சு. முதல்லயே எல்லாரையும் குளிச்சு முடிச்சிட சொல்லிடுங்க.

கர்லர் சைஸ்ல எல்லாரும் ஏமாறுவாங்க. பெருசா அலையலையா வேணும்னு 32 மில்லிமீட்டர் ராடு எடுப்பாங்க, பண்ணப்போ அழகா இருக்கும், ரெண்டு மணி நேரத்துல இறங்கி ஒண்ணுமில்லாம போயிடும். கர்ல் கண்டிப்பா ஒரு அளவு இறங்கும்னு கணக்கு வச்சுக்கிட்டு, உங்களுக்கு வேணுங்கறத விட ஒரு சைஸ் சின்னதா எடுங்க. 32 லுக் வேணும்னா 25-ல சுத்துங்க. அப்புறம் எனக்குப் புடிச்ச ஒரு வழி, வெளிய தெரியாத அடி முடிய 19 மில்லிமீட்டர்ல இறுக்கமா சுருட்டிட்டு, மேல தெரியுற முடிய 25-ல பண்றது. அடில இருக்கற இறுக்கமான சுருள் மேல இருக்கறத தாங்கிப் பிடிக்கும், அடர்த்தியாவும் தெரியும், இடுப்பு வரைக்கும் முடி இருக்கறவங்களுக்கு இது ரொம்பவே உதவும், ஏன்னா அவங்களுக்கு முடியோட கனமே கர்ல இழுத்து நேராக்கிடும்.

சூடு எவ்ளோன்னா, மெல்லிசு முடி, கலர் பண்ணது, ஸ்மூத்தனிங் பண்ணதுக்கெல்லாம் 150-160 டிகிரி, சாதாரண முடிக்கு 170-180, நல்ல தடிச்ச முடிக்கு 190. 200-க்கு மேல போகவே வேண்டாம், மிஷின்ல 230 வரைக்கும் இருக்குங்கறதுக்காக அத வைக்கணும்னு இல்ல. ஒரு தடவைக்கு ரெண்டு விரல் அகலத்துக்குத்தான் முடி எடுக்கணும். கைப்பிடி அளவு எடுத்து சுத்தினா வெளிய இருக்கற முடி கருகும், நடுவுல இருக்கறதுக்கு சூடே போகாது. 8-ல இருந்து 10 எண்ணுங்க, விடுங்க. நிக்கலன்னு அதே முடிய மூணு தடவை சுத்தாதீங்க, ஒரே தடவை ஒழுங்கா சுத்தினா போதும். முகத்துப் பக்கம் இருக்கறது ரெண்டு பக்கமும் வெளிய போற மாதிரி சுத்துங்க, மத்ததெல்லாம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி சுத்தினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது.

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றோம். கர்லர்ல இருந்து முடிய அப்படியே தொங்க விடாதீங்க. சூடா இருக்கற சுருள் தன் கனத்துக்கே இழுபட்டு நீளும், அந்த நீண்ட வடிவத்துலதான் ஆறும். அதுக்கு பதிலா ராட மெதுவா உருவி எடுத்துட்டு, அந்த சுருள் வளையம் மாதிரியே உள்ளங்கைல விழுற மாதிரி புடிச்சு, அப்படியே தலையோட ஒட்டி வச்சு மெல்லிசான அலுமினியம் கிளிப் ஒண்ணு போட்டுடுங்க. கை சுடும், முதல் தடவை கொஞ்சம் தடுமாறும், நாலஞ்சு சுருள்ல பழகிடும். கருப்பு பாபி பின் போட்டா அந்த இடத்துல மடிப்பு விழும், அதனால அலுமினியம் கிளிப்தான், பேன்ஸி கடைல அட்டைல வச்சு விக்கும், அடர்த்தியான தலைக்கு ஒரு 40-ஆவது வேணும். கீழ பிடரில ஆரம்பிச்சு மேல வரணும், உச்சி முடி கடைசி.

எல்லாம் முடிஞ்சதும் தலை முழுக்க கிளிப்போட இருக்கும். இப்ப குறைஞ்சது 20 நிமிஷம், அடர்த்தியான முடின்னா அரை மணி நேரம், யாரும் தொடக் கூடாது. இந்த நேரத்துல மேக்கப் போடுங்க, சேலை கட்டுங்க, நான் எப்பவும் முடிய முதல்ல பண்ணி கிளிப் போட்டுட்டு அப்புறம்தான் மேக்கப்புக்கு விடுவேன், மேக்கப் முடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், அது முழுக்க முடிக்கு ஆறுற நேரம். பார்லர் வச்சு பண்றவங்களும் இந்த வரிசைய கேட்டு வாங்குங்க, "முடிய முதல்ல பண்ணி கிளிப் போட்டு விட்டுடுங்க"ன்னு சொல்லுங்க, நல்லா தெரிஞ்சவங்க யாரும் மறுக்க மாட்டாங்க. கிளிப் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுருள நடுவுல தொட்டுப் பாருங்க, துளி வெதுவெதுப்பு இருந்தாலும் காத்திருங்க. டிரையர்ல ஜில் காத்து பட்டன் இருந்தா அத மேலோட்டமா காட்டலாம்.

ஸ்ப்ரே எப்பன்னா, கிளிப்போட ஆறி முடிச்ச சுருள் மேலயே ஒரு தடவை லேசா, கிளிப் எடுத்து வடிவம் பண்ண பிறகு இன்னொரு தடவை லேசா. ஒரு அடி தள்ளிப் புடிச்சு அடிங்க, கிட்ட வச்சு அடிச்சா அதுவே ஈரம், நனைஞ்ச சுருள் கனமாகி விழும். ஸ்ப்ரே ஈரமா இருக்கும்போது அதே முடி மேல கர்லர் வைக்கவே கூடாது.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை, தயவுசெஞ்சு இத மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. ஹேர் ஸ்ப்ரேல ஆல்கஹாலும் எரியுற வாயுவும் இருக்கு. நம்ம விசேஷத்துல அடுத்த நிமிஷமே குத்துவிளக்கு ஏத்த கூப்பிடுவாங்க, ஆரத்தி எடுப்பாங்க, ஓமம் இருக்கும். ஸ்ப்ரே அடிச்சு நல்லா காஞ்ச பிறகுதான் நெருப்பு கிட்ட போகணும், ஒரு 15-20 நிமிஷம் இடைவெளி விடுங்க, குனிஞ்சு விளக்கேத்தும்போது முன்பக்க சுருள யாராவது பின்னாடி புடிச்சுக்கங்க. ரூம்ல சாமி விளக்கு எரியும்போது ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீங்க.

கிளிப் எடுத்ததும் குட்டிக் குட்டி சுருளா பொம்மை முடி மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. அப்படியே ஒரு 10 நிமிஷம் விட்டுட்டு, கைல ரெண்டு சொட்டு சிலிகான் சீரம் தேய்ச்சு, விரலால கீழ இருந்து மேல மெதுவா பிரிச்சு விடுங்க. அந்த சீரம் ஈரம் உள்ள போறத கொஞ்சம் தடுக்கும், ஆனா ரெண்டு சொட்டுதான், வேர்ல படக் கூடாது. சின்ன பல்லு சீப்பு இந்தப் பக்கமே வரக் கூடாது.

இனி நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம், பூ. மல்லிப்பூ இல்லாம யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். ஆனா பூக்காரம்மா தண்ணி தெளிச்சு ஈரத்துணில சுத்தித்தான் குடுப்பாங்க. அந்த நாலு முழம் ஈரப் பூவ நேரா கர்ல் மேல வச்சா, பின்பக்கம் முழுக்க அரை மணி நேரத்துல படிஞ்சிடும். வைக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பூவ பிரிச்சு ஃபேன் காத்து படுற மாதிரி தட்டுல போட்டு வைங்க, துண்டுல வச்சு லேசா ஒத்தி எடுங்க. வைக்கும்போது உச்சிய எடுத்து பாதி கொண்டை போட்டு அந்தக் கொண்டையச் சுத்தி வைங்க, தொங்கற சுருள் மேல சரமா விடாதீங்க. மாலையும் அப்படித்தான், ரோஜா மாலை நனைஞ்சு கனமா இருக்கும், மாத்தும்போது ரெண்டு பக்க முடியையும் முதுகுக்குப் பின்னாடி தள்ளி விட ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். மாலைய கழட்டினதும் முடிய முன்னாடி எடுத்து விட்டுக்கலாம்.

சவுரி வைக்கறவங்க அது நெஜ முடியா சிந்தெட்டிக்கான்னு கேட்டுட்டு கர்லர் வைங்க, சாதாரண சிந்தெட்டிக் உருகி ராடுலயே ஒட்டிக்கும்.

வேர்வைக்கு பிடரிதான் முதல் எதிரி. கழுத்தோட ஒட்டின அந்த கடைசி அடுக்கு முடி என்ன பண்ணாலும் ஈரமாகும், அத நான் கர்லே பண்றதில்ல, மெல்லிசா பின்னி உள்ள மடிச்சு பின் போட்டு மறைச்சிடுவேன், மேல இருக்கற முடி கழுத்த தொடாம இருந்தாலே கூடுதலா ரெண்டு மணி நேரம் நிக்கும். ஃபேன் காத்து நேரா முடில அடிக்கற இடத்துல உக்காராதீங்க, கார்ல கண்ணாடி இறக்காதீங்க, அதுலயும் ஈசிஆர் பக்கம் மண்டபம்னா கடல் காத்து ஒரே அடியா முடிச்சிடும். எத்தனை பேர் வந்து கன்னத்த வழிச்சு திருஷ்டி கழிச்சாலும் சந்தோஷமா நில்லுங்க, நீங்களா கைய முடிக்கு கொண்டு போகாதீங்க, கைல இருக்கற வேர்வையும் எண்ணெயும் அப்படியே சுருளுக்குப் போகும்.

சூடே வேண்டாம்னு நெனைக்கறவங்களுக்கு, ராத்திரி முறை இருக்கு, உண்மைய சொல்லணும்னா சில முடிக்கு இதுதான் கர்லர விட அதிக நேரம் நிக்குது, ஏன்னா ஈரத்துல இருந்து மெதுவா முழுசா காஞ்சு வர்ற வடிவம் உறுதியா உக்காரும். முடி ஒரு 80 சதவீதம் காஞ்சு லேசா ஈரம் இருக்கும்போது மூஸ் தடவி, பழைய காட்டன் டிஷர்ட்ட நீளமா கிழிச்ச துண்டுலயோ நீளமான சாக்ஸ்லயோ சின்னச் சின்னதா சுத்தி முடிச்சு போட்டு, அப்படியே தூங்குங்க. 7-8 மணி நேரம் வேணும். காலைல ஈரம் துளி இருந்தாலும் அவிழ்க்காதீங்க, டிரையர் காட்டி காய வச்சுட்டு அவிழுங்க. வெறும் ரெட்டை ஜடை போட்டாலே அலை வரும், ஆனா அது நெளியா வரும், சுருள் வராது. முக்கியமான நாளுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா ஒரு ஞாயித்துக்கிழமை முயற்சி பண்ணிப் பாத்துடுங்க.

இயற்கையாவே சுருட்டை இருக்கறவங்க மேல சொன்னது எதையும் பண்ண வேண்டாம், உங்களுக்கு ஈர முடில ஜெல் போட்டு, கசக்கிப் பிடிச்சு, டிஃப்யூசர்ல (டிரையர் முனைல மாட்டி காத்த பரப்பி விடுறது) காய வச்சு, முழுசா காஞ்ச பிறகு அந்த மொறமொறப்ப உடைச்சு விட்டா போதும், காயறதுக்கு முன்னாடி தொடக் கூடாதுங்கற விதி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலைல 6 மணிக்கு முகூர்த்தம்னா பொண்ணுக்கு ஜடை போட்டுடுவாங்க, அவங்களுக்குக் கவலையில்ல. ஆனா அக்கா தங்கச்சி தோழிங்களுக்கு ரெண்டாவது நாளும் கர்ல் வேணும். தூங்கும்போது எல்லா முடியையும் உச்சந்தலைக்குக் கொண்டு வந்து துணி ரப்பர் பேண்ட்ல தளர்வா ஒரே சுத்து சுத்தி விடுங்க, சுருளெல்லாம் நெத்திப் பக்கம் விழுற மாதிரி. தலகாணிக்கு சாட்டின் உறை போடுங்க, இல்லன்னா பழைய பட்டுப் பாவாடைய சுத்திக்கங்க, காட்டன் உறைல உரசி உரசி முடி பறக்க ஆரம்பிச்சிடும். காலைல குளிக்கும்போது ஷவர் கேப் போட்டு, வெந்நீர குறைச்சுக்கிட்டு, கதவ கொஞ்சம் திறந்து வச்சு சீக்கிரமா வந்துடுங்க. வேர்ல பிசுபிசுப்பா இருந்தா ட்ரை ஷாம்பு, தண்ணி இல்லாமலே பிசுக்க எடுக்கறது அது. முன்னாடி தெரியுற ஒரு அஞ்சாறு சுருள மட்டும் கர்லர் வச்சு புதுசாக்கி, அஞ்சு நிமிஷம் கிளிப் போட்டு ஆற விட்டா போதும், முழுத் தலையும் மறுபடி சூடு பண்ண வேண்டாம்.

மண்டபத்துக்குப் போகும்போது பைல நான் கண்டிப்பா எடுத்துட்டுப் போறது: கர்லர், அலுமினியம் கிளிப், யூ பின், பெரிய பல்லு சீப்பு, சின்ன ஸ்ப்ரே, ஒரு சுத்தமான காட்டன் துண்டு பிடரி ஒத்தி எடுக்க, அப்புறம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பொண்ணு ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கும், அதுலயும் யாரோ போன் சார்ஜ் போட்டிருப்பாங்க.

அந்த சித்தி பொண்ணோட வளைகாப்பு தை மாசம் வந்துச்சு. இந்த தடவை நானே பண்ணேன், 25-ல சுத்தி, கிளிப் போட்டு, தட்டுல கண்ணாடி வளையல் அடுக்கி முடிக்கற வரைக்கும் அவள கிளிப்போடவே உக்கார வச்சேன், பெரியம்மாங்க எல்லாம் "என்னடி இது தலை முழுக்க கிளிப்பு, நேரமாச்சு"ன்னு சத்தம் போட்டாங்க, நான் எடுக்கவே இல்ல. மேடைல உக்கார்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடிதான் ஒண்ணொண்ணா எடுத்தேன். மத்தியானம் அஞ்சு வகை சாதம் சாப்பிட்டு முடிச்சு, எல்லாரையும் வழியனுப்பிட்டு, வந்து என் முன்னாடி திரும்பி நின்னு முதுகக் காட்டினா. சுருள் அப்படியே இருந்துச்சு.